காய்ந்த இலைக்கு எதற்கு பீரோ?

சின்னக் கல்லூரி. கையில் இருக்கும் பணம் ஒரே ஒரு செலவுக்குத்தான் வரும். ஹாஸ்டல் கூரை ஒழுகுகிறது. பாட்டனி டிபார்ட்மென்ட்டில் 50 வருஷமாகச் சேர்த்த உலர்ந்த செடிகளைப் பூச்சி அரிக்கிறது. நீங்கள் பிரின்ஸிபாலாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

‘பசங்க தலையில தண்ணி சொட்டுது, காய்ஞ்ச இலைக்கு இரும்பு பீரோவா?’ என்று யாராவது கேட்டால், நியாயம்தான். கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால், அடுத்த வருஷம் பாத்ரூம் குழாய் உடையும். அதற்கடுத்த வருஷம் காம்பவுண்டுச் சுவர். பையன்கள் ஸ்ட்ரைக் பண்ணுவார்கள், இலை பண்ணாது. பீரோவின் முறை வரவே வராது.

இப்படிச் செடிகளைச் சேர்த்துவைக்கும் இடத்துக்கு ஹெர்பேரியம் என்று பெயர். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-ல் ராபினாட் ஹெர்பேரியத்தைத் தொடங்கியவர் கே.எம்.மாத்யூ என்ற பாதிரியார். ஊர் ஊராக அலைந்து சேகரித்து, தமிழ்நாட்டின் கர்நாடிக் பகுதித் தாவரங்களைப் பற்றியும் பழனி மலைத் தாவரங்களைப் பற்றியும் பெரிய பெரிய புத்தகங்கள் போட்டார். வேலை என்னவோ எளிதுதான். செடியைப் பறித்து, பேப்பருக்கு நடுவே அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, மூலையில் ஒரு லேபிள். எந்த ஊர், என்ன தேதி, யார் பறித்தது. லேபிள் விழுந்துவிட்டால் அது வெறும் சருகு.

‘சரி, இதையெல்லாம் யார் சார் பார்க்கப் போறாங்க?’

1845-ல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரைக் கருகல் நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் செத்தவர்கள் சுமார் 10 லட்சம் பேர். அந்தக் காலத்து நோய் இலைகளை யார் யாரோ காயவைத்து எடுத்துவைத்தார்கள். லண்டன் கியூ தோட்டத்திலும் ம்யூனிக்கிலும் அவை பத்திரமாக இருந்தன. 2013-ல் அந்த இலைகளிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, எந்த ரகக் கிருமி என்று சொல்லிவிட்டார்கள். எடுத்துவைத்தவர்களுக்கு டி.என்.ஏ. என்ற வார்த்தையே தெரியாது. இன்னும் பிறக்காத ஒருத்தன், இன்னும் யாரும் கேட்காத ஒரு கேள்வியோடு வருவான். அவனுக்காகச் சிலர் அலமாரியைத் திறந்து பூச்சி பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

நம் ஊரில் வழக்கமாக நடப்பது வேறு. சேர்த்த புரொபசர் ரிட்டயர் ஆவார். சாவி ஒரு டிராயருக்குள் போகும். யாராவது கேட்டால் மட்டும், ‘அது காலேஜ் சொத்து, வெளியே தர மாட்டோம்’ என்பார்கள். (கரையானுக்குத் தருவதில் ஆட்சேபணை இல்லை!)

பணம் இல்லாதது குற்றமில்லை. பார்த்துக்கொள்ளவும் மாட்டேன், பார்த்துக்கொள்பவனுக்குத் தரவும் மாட்டேன் என்பதைத்தான் மன்னிக்க முடியவில்லை. மாணவர்கள் வெயிலில் அலைந்து பறித்ததற்கு நிர்வாகம் எப்படி முழு முதலாளியாக முடியும்? கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் ஹெர்பேரியம் இருக்கிறது. முடியாதவர்கள் அங்கே ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம். வாங்கிக்கொள்கிறோம் என்றால், அனுப்பும்போது லேபிள்களும் கூடவே போகட்டும்.