ஹலால் என்றால் அளவே இல்லையா?

 



சென்ற வாரம் தொழுகை முடிந்ததும் ஒரு தம்பி வந்து கேட்டார்: "ஹஜ்ரத், நம் உணவை யாராவது குறை சொன்னால், அது எங்கள் உரிமை என்கிறோம். அப்படியிருக்க, திமிங்கலத்தைப் பிடிக்காதே என்று ஜப்பானியரிடம் சொல்வது மட்டும் எப்படி நியாயம்?"

நல்ல கேள்வி. உணர்ச்சிவசப்படாமல் யோசிப்போம்.

ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் சம்பவம் புகாரியில் இருக்கிறது. அபூ உபைதா (ரலி) தலைமையில் 300 பேர் கொண்ட படை கடலோரம் செல்கிறது. உணவு குறைந்து, ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றாகிறது. பிறகு இலைகளைத் தின்னும் நிலை. அப்போதுதான் கரை ஒதுங்கிய ஒரு திமிங்கலத்தைக் கண்டு, பல நாட்கள் அதைச் சாப்பிட்டார்கள். மதீனா திரும்பியதும் நபி (ஸல்) அவர்கள், அது அல்லாஹ் அளித்த உணவு என்று கூறி, மீதமிருந்ததில் தாமும் உண்டார்கள்.

ஆக, உண்ணலாமா என்பதல்ல பிரச்சினை. பசித்தவனுக்கு அது ரிஸ்க். ஆனால் பசி தீர்ந்த பிறகும் கை நீண்டுகொண்டே போனால்?

இருபதாம் நூற்றாண்டில் மட்டும் ஏறக்குறைய 30 லட்சம் திமிங்கலங்கள் கொல்லப்பட்டன. வெடிக்கும் ஈட்டியும், கடலிலேயே அறுத்து எண்ணெய் உருக்கும் ஆலைக் கப்பல்களும் வந்தபின் அளவு என்பதே போய்விட்டது. 1930-31 பருவத்தில் அண்டார்டிக் கடலில் மட்டும் 29,000-க்கும் மேற்பட்ட நீலத் திமிங்கலங்கள் வேட்டையாடப்பட்டன. அவற்றின் எண்ணெய் சோப்புக்கும் மார்ஜரினுக்கும் போனது.

நம் அரபிக்கடலிலும் இது நடந்தது. 1965, 1966 நவம்பர் மாதங்களில் சோவியத் கப்பல்கள் ஓமான், பாகிஸ்தான், இந்தியக் கரைகளுக்கு அப்பால் 242 கூனல் திமிங்கலங்களைக் கொன்றன. இலக்கைத் தாண்டினால் ஊக்கத்தொகை. பிடித்ததை மறைக்கப் பொய்க் கணக்கு. தென்பாதிக் கடல்களில் அவர்கள் கொன்ற கூனல் திமிங்கலங்கள் 48,000-க்கும் மேல். காட்டிய கணக்கு 2,710! சோவியத் நாடு கலைந்த பிறகுதான், 1993-இல், அதன் விஞ்ஞானிகள் உண்மையை வெளியிடத் தொடங்கினார்கள். அரபிக்கடலின் அந்தத் திமிங்கலங்கள் வேறு கடலுக்கு இடம்பெயராதவை. ஓமான் கடலில் இன்று எஞ்சியிருப்பவை நூற்றுக்கும் குறைவு என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

சகோதரர்களே! அளவில் மோசடி செய்பவர்களைக் கண்டிக்கக் குர்ஆனில் ஒரு சூராவே இருக்கிறது. தராசு கடைத்தெருவுக்கு மட்டும்தானா? கடலுக்கு இல்லையா?

1982-இல் சர்வதேசத் திமிங்கல ஆணையம் வணிக வேட்டையை நிறுத்திவைக்கத் தீர்மானித்தது. ஆதரவு 25, எதிர்ப்பு 7. ஆதரித்தவர்களில் ஓமானும் எகிப்தும் இந்தியாவும் உண்டு. அதே ஆணையம், அலாஸ்காவின் பூர்வகுடி மக்கள் தங்கள் உணவுக்காகப் பிடிப்பதை இன்றும் அனுமதிக்கிறது. தேவைக்கும் வியாபாரத்துக்கும் இடையே கோடு போட்டிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

தம்பிக்கு என் பதில் இதுதான். ஜப்பான் 2019-இல் ஆணையத்தை விட்டு வெளியேறி, ஒதுக்கீடு வைத்துப் பிடிக்கிறது. அதை அன்றைய சோவியத் கொள்ளைக்குச் சமமாக்குவது அநீதி. அவர்களின் உணவை இழிவுபடுத்துவதும் நமக்கு ஆகாது. ஆனால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டி ஈனும் உயிரைச் சந்தைச் சரக்காக்கினால், கணக்கு எப்படித் தவறும் என்பதை ஒரு நூற்றாண்டு காட்டிவிட்டது. 'போதும், நிறுத்துங்கள்' என்று கேட்பவர்கள் ஹலாலை ஹராமாக்கவில்லை. வரம்பை நினைவூட்டுகிறார்கள்.

காரணமின்றிக் கொல்லப்பட்ட சிட்டுக்குருவியும் மறுமையில் முறையிடும் என்ற கருத்தில் நஸயீயில் ஒரு அறிவிப்பு உண்டு. குருவிக்கே கேள்வி கணக்கு என்றால், திமிங்கலத்துக்கு?

அந்தக் கேள்வி நம் வீட்டு வாசலுக்கும் வரும். வலீமா முடிந்து குப்பைத் தொட்டிக்குப் போகும் பிரியாணியில் இருப்பதும் அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுத்த ஓர் உயிர்தான். அறுத்தது ஹலால். வீணாக்கியது?

தேவைக்கு எடுத்து, வரம்பில் நிற்கும் நல்லடியார்களாக அல்லாஹ் நம்மை ஆக்குவானாக. ஆமீன்.