யந்திரம் துணைவனா, போட்டியாளனா?

கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நமது கடைகள் தோட்டத்துக் கூலியால் வளர்ந்தவை. ஆகவே, தோட்டத்துக்குள் யந்திரம் நுழைவது முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள விவகாரம் என்று வணிகர்களாகிய நாம் ஒதுங்கி நிற்பது சரியன்று.

1917 ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் இங்குள்ள தென்னமரம் தோட்டத்தில் செம்பனையை நட்டார். இந்நாட்டில் செம்பனை வணிகப் பயிரானது அங்கேதான். பிற்காலத்தில் ரப்பர் மரங்கள் சாய்ந்து செம்பனை பரவியபோது, வேலைக்கு வேண்டிய கைகள் குறைந்தன. லயங்கள் காலியாயின. குடும்பங்கள் பல பட்டணத்து ஓரங்களுக்குப் பெயர்ந்தன. அன்று ஆளைக் குறைத்தது யந்திரமன்று, பயிர் மாற்றமே.

இன்றோ யந்திரத்தின் முறை. 2020 ஆம் ஆண்டில் கொரோனாத் தொற்றினால் எல்லைகள் அடைபட்டு, வெளிநாட்டுத் தொழிலாளர் வரவு நின்றது. வெட்ட ஆளின்றிப் பழங்கள் வீணாயின. அதன்பின் யந்திரத்தின் மேல் நாட்டம் மிகுந்தது. மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் ஆக்கிய 'சந்தாஸ்' என்னும் மோட்டார் அரிவாள் குட்டை மரங்களில் விரைவாகக் குலை வெட்டுகின்றது. மருந்து தெளிக்க ட்ரோன் பறக்கின்றது.

இதைப் பற்றித் தொழிலாளரிடம் பேச்சுக் கொடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். "தோள்வலி குறைந்தது" என்பார் ஒருவர். "நாலு பேர் வேலையை இரண்டு பேர் செய்தால், மற்ற இருவர் எங்கே போவது?" என்பார் இன்னொருவர். இரண்டும் நியாயமே. மருந்துத் தொட்டியை முதுகில் சுமந்து, நஞ்சைச் சுவாசித்த பெண்களுக்கு அச்சுமை நீங்குவது நன்மை என்பதில் ஐயமில்லை. அந்தச் சுமையோடு சோறும் நீங்கினால் அதை எப்படி நன்மை என்பது?

"பணம் போட்டு யந்திரம் வாங்கியவன் முதலாளி, எண்ணெய் விலையோ உலகச் சந்தையில் நிர்ணயமாகின்றது, செலவைக் குறைக்காமல் அவன் எப்படிப் பிழைப்பான்?" என்று கேட்கலாம். முதலுக்கு லாபம் உண்டு என்பதை வணிகர் மறுப்பதற்கில்லை. ஆனால், தரையில் உதிர்ந்த பழத்தைக் கண்டு, மேலே இருக்கும் குலை பழுத்ததா என்று அறிவது மோட்டார் அன்று, அதைப் பிடித்திருக்கும் மனிதனின் கண். அந்த அனுபவத்தை முதலாளி யந்திரத்தோடு சேர்த்து விலைக்கு வாங்கவில்லை. கூட்டு வியாபாரத்தில் ஒருவர் பணமும் ஒருவர் உழைப்பும் போட்டால் லாபத்தில் இருவருக்கும் பங்கு வைக்கிறோம் அல்லவா? யந்திரத்தால் வந்த மிச்சத்திலும் அவ்வாறே உழைத்தவனுக்குப் பங்கு வேண்டும். கூடுதல் குலை வெட்டுகிறான் என்று குலைக்குரிய கூலியைக் குறைப்பது அந்தப் பங்கைப் பறிப்பதாகும்.

இந்த அளவுகோல் நமக்கும் பொருந்தும். நமது கடைகளிலும் கணக்கெழுதக் கணினி வந்துவிட்டது. கல்லாவில் கைப்பேசி வழியே பணம் வருகின்றது. பல்லாண்டு நமக்காக மூட்டை தூக்கிய, கணக்கெழுதிய பணியாளரை "நாளை முதல் வர வேண்டாம்" என்று சொல்வது எளிது. அதற்கு முன்னரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். புதிய வேலையைக் கற்றுக் கொடுக்க வேண்டும். கற்க இயலாத முதியவருக்கு அவர் உழைத்த ஆண்டுகளை எண்ணிக் கைம்முதல் கொடுக்க வேண்டும். இவற்றை நம் கடையில் செய்யாமல், தோட்ட முதலாளியிடம் நியாயம் கேட்க நமக்கு வாயில்லை.