சாட்சியில்லாத சத்தம்

கணக்குப் புத்தகத்தை நம்பி வாழ்கிறவர்கள் நாம். தராசு காட்டாத எடையையும் ரசீது இல்லாத பணத்தையும் ஏற்றுக்கொள்ளலாகாது என்பதைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்தே நமக்குச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்படி வளர்ந்த ஒருவனுக்கு, தராசில் ஏறாத, ரசீது கிடைக்காத, இன்னொருவர் காதில் விழவே விழாத ஒரு சங்கதி நேர்ந்துவிட்டால் அவன் என்ன செய்வது? அவன் சொல்வதைக் கேட்கிற மற்றவர்கள்தாம் என்ன செய்வது? இந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்து சேர்த்தது என்னுடைய வலது காது.

வெளியூர் அன்பர்களுக்கு எங்கள் கேமரன் மலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். தானா ராத்தா கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1885 இல் வில்லியம் கேமரன் அளக்க வந்த மலை இது. 1929 இல் ரஸ்ஸல் என்ற ஆங்கிலேயர் போ தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்தார். தோட்டங்கள் பெருகியபோது சரிவுகளில் நின்று கொழுந்து பறித்தவர்கள் பெரும்பாலும் தமிழ்ச் சனங்கள். எங்கள் கடையும் அவர்களுடைய பற்றுப் புத்தகத்தில் வளர்ந்த கடைதான். இப்போது தோட்டங்களில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் வேலை செய்கிறார்கள். பழைய லயத்துக் குடும்பங்கள் பல இறங்கிப் போய்விட்டன. பகலில் சுற்றுலாக் கார்களின் இரைச்சல் தாங்க முடியாது. இரவோ வேறு மாதிரி. குளிரூரில் மின்விசிறிக்கு வேலையில்லை. பனி இறங்கிவிட்டால் சுவர்க்கடிகாரத்தின் ஓசைகூடப் பெரிதாகக் கேட்கும்.

அப்படிப்பட்ட ஓர் இரவில்தான் அது தொடங்கிற்று. தொம், தொம் என்று ஒரு சத்தம். சரிவுக்குக் கீழே எவனோ லாரியை அணைக்காமல் நிறுத்தியிருக்கிறான் என்று நினைத்தேன். பிறகு, தேயிலை ஆலையில் இலை உருட்டும் இயந்திரம் இரவிலும் ஓடுகிறது போலும் என்று நினைத்தேன். எழுந்து சன்னலைத் திறந்தேன். பனியைத் தவிர வெளியே ஒன்றுமில்லை. சத்தமோ என்னோடு சன்னல் வரைக்கும் வந்திருந்தது. வீட்டில் எழுப்பிக் கேட்டேன். "ஒரு சத்தமும் இல்லைங்களே, படுங்க" என்று பதில் வந்தது. ஏதோ தோன்றி மணிக்கட்டில் விரலை வைத்துப் பார்த்தேன். நாடி ஓர் அடி, சத்தம் ஓர் அடி, ஒன்றுகூடப் பிசகவில்லை. மாடிப்படி ஏறி இறங்கினால் இரண்டும் சேர்ந்து விரைந்தன. ஆக, லாரி என்று நான் எண்ணியது என் சொந்த ரத்தம்.

வைத்திய சாஸ்திரம் இதைச் சாதாரணக் காது இரைச்சலிலிருந்து பிரித்துப் பார்க்கிறது. வண்டு ரீங்காரம் போல இடைவிடாமல் கேட்பது பெரும்பாலும் கேட்கும் திறன் குறைந்ததைத் தொடர்ந்து வருவது. நாடியோடு சேர்ந்து இடிப்பது அப்படியன்று. உண்மையிலேயே ஓர் ஓசை உடம்புக்குள் எங்கோ இருக்கலாம். மூளைக்கு ஏறும் பெரிய ரத்தக்குழாயும், மூளையிலிருந்து இறங்கும் பெரிய ரத்தக்குழாயும் காதை ஒட்டி, மெல்லிய எலும்புச் சுவருக்கு அப்பால் ஓடுகின்றன. அந்தச் சுவர் தேய்ந்திருந்தாலும், குழாய் எங்காவது குறுகி ரத்தம் சுழித்து ஓடினாலும், தமனியும் சிரையும் சேரக்கூடாத இடத்தில் சேர்ந்திருந்தாலும், மண்டைக்குள் நீரழுத்தம் கூடியிருந்தாலும், காதுக்குள் ரத்தக்குழாய் நிறைந்த சிறு கட்டி இருந்தாலும் ஓசை எட்டும். ரத்தசோகையிலும் தைராய்டு மிகுந்து சுரக்கும்போதும் ரத்தம் வேகமாக ஓடுவதால் கேட்கும். வெறும் காதழுக்கு அடைத்து வெளிச்சத்தம் குறைந்துவிட்டாலே உட்சத்தம் தலைதூக்கும். இவற்றிற் சில அற்பம், சில ஆபத்து. ஆகவே ஒரு காதில் நாடி கேட்கிற எவரும் மலைக்காற்று என்று சொல்லிச் சும்மா இருந்துவிடக் கூடாது. காது வைத்தியரிடம் போக வேண்டும். திடீரென்று தொடங்கி, தலைவலியோ பார்வை மங்கலோ கைகால் சோர்வோ கூட வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

நான் இரண்டு வைத்தியர்களிடம் போனேன். முதலாமவர் நிமிர்ந்து பார்க்காமலே, "இந்த வயசுக்கு இதெல்லாம் உண்டுதான்" என்று மாத்திரை எழுதினார். இரண்டாமவர் ஈப்போவில். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கேட்கும் திறனைச் சோதித்தார், ரத்தம் எடுத்தார், ஸ்கேனுக்கு அனுப்பினார். எல்லாம் சரியாக இருந்தன. கடைசியில் காதுக்குப் பின்னாலும் கழுத்திலும் தம் குழாயை வைத்து வெகுநேரம் கண்ணை மூடிக் கேட்டார். 1816 இல் பாரிஸ் நகரத்து லெனெக் என்ற வைத்தியர், ஓர் இளம்பெண்ணின் மார்பில் காது வைத்துக் கேட்கக் கூச்சப்பட்டுக் காகிதத்தைச் சுருட்டி வைத்துக் கேட்டதிலிருந்து பிறந்த கருவி அது. பிறருடைய உள்ளோசையை நாம் கேட்பதற்கு மனிதன் செய்த கருவி என்று அதைச் சொல்லலாம். சிலருடைய காதிடியை இந்தக் குழாயால் வைத்தியரும் கேட்டுவிடுவதுண்டு. அவர்கள் பாக்கியசாலிகள், சாட்சி கிடைத்துவிடுகிறது. எனக்குக் கிடைக்கவில்லை. அவர் குழாயைக் கழற்றிவிட்டுச் சொன்னார்: "எனக்குக் கேட்கலை. உங்களுக்குக் கேட்குது. ரெண்டையும் எழுதி வைக்கிறேன்." அப்படியே அட்டையில் இரண்டு வரியாக எழுதினார்.

அந்த இரண்டாவது வரி எனக்குச் செய்த உபகாரத்தை எந்த மாத்திரையும் செய்யவில்லை.

நம் பழைய கணக்கப்பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். எந்தத் தலைப்பின் கீழ் வைப்பதென்று தெரியாத தொகை ஒன்று வந்தால் அதை 'அனாமத்து' என்று எழுதி வைப்பார்கள். விளங்கவில்லையே என்பதற்காக அடித்துவிட மாட்டார்கள். என்றைக்காவது விவரம் வரும், வந்ததும் இடம் மாற்றிக்கொள்ளலாம் என்பது கணக்கு. காரணம் தெரியவில்லை என்பது வேறு, காரணம் இல்லை என்பது வேறு என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. படித்த வைத்தியர்களுக்கே சில சமயம் இது மறந்துபோகிறது. 1998 இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த லாயிட் மைனரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு புதிய நோயை விவரித்தார்கள். உடம்பின் சமநிலையைக் காக்கும் உட்காதுக் குழல் ஒன்றின் மேல் எலும்பில் சிறு ஓட்டை, அவ்வளவுதான். அந்த ஓட்டை உள்ளவர்களிற் சிலருக்குத் தம் நாடி கேட்கும். காலடி காதில் அதிரும். கண்விழி உருளும் சத்தம்கூடக் கேட்கும். 1997 இல் ஒருவர் போய், "ஐயா, என் கண் திரும்புவது எனக்குக் கேட்கிறது" என்று சொல்லியிருந்தால் அவரை எந்த வைத்தியசாலைக்கு அனுப்பியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஓட்டை அந்த வருஷம் எலும்பில் உண்டாகவில்லை. பெயர்தான் அந்த வருஷம் உண்டாயிற்று.

என்னுடையது இன்னும் அனாமத்தில்தான் இருக்கிறது. இதோடு எப்படி வாழ்கிறாய் என்று கேட்கிறார்கள். கடை திறந்திருக்கும் வரை பிரச்சினையே இல்லை, வெளிச்சத்தத்தில் மறைந்துவிடுகிறது. இஷாவுக்குப் பிறகுதான் வருகிறது. ஸுஜூதில் தலை தாழும்போது பெருக்கும், எழுந்தால் குறையும். படுக்கும்போது தலையணையைச் சற்று உயர்த்தி, வானொலியை மெல்லிய குரலில் வைத்துக்கொள்கிறேன். சத்தம் உண்மையில் சிறியது. அதை உற்றுக் கேட்பதுதான் பெரிய பாரம். ஆரம்பத்தில் நான் அதை எண்ண ஆரம்பித்தேன். எண்ணுவது நம் தொழிற்புத்தி அல்லவா! ஒரு நிமிஷத்துக்கு எழுபத்திரண்டு, எழுபத்தாறு என்று எண்ணிக்கொண்டு கிடந்தவனுக்குத் தூக்கம் எங்கிருந்து வரும்? எண்ணுவதை விட்ட பிறகு பாதி பாரம் இறங்கிற்று. மீதிப் பாதி இறங்கவில்லை. இறங்கிவிட்டது என்று எழுதினால் பொய்யாகும்.

பிரெஞ்சு மொழியில் எழுதிய ரூசோவின் பெயரை அரசியல் படித்த பிள்ளைகள் அறிவார்கள். அவருக்கும் இதுதான். இருபத்தைந்து வயதை ஒட்டி, ஷாம்பெரி நகருக்குப் பக்கத்து மலைப்புறத்தில் இருந்தபோது, ஒரு காலையில் திடீரென்று தம் கழுத்து நாடிகள் அடிப்பது காதில் கேட்கத் தொடங்கிற்று என்று தம் சரிதையில் எழுதியிருக்கிறார். கூடவே பலவித இரைச்சல்கள். கேட்கும் கூர்மையும் குறைந்துபோயிற்று. இன்னும் கொஞ்ச நாள்தான் என்று தீர்மானித்துவிட்டாராம். ஆனால் அதன்பின் நாற்பது வருஷம் வாழ்ந்து, எழுதவேண்டிய அத்தனையும் எழுதி, 1778 இல்தான் காலமானார். முப்பது வருஷத்துக்குப் பின் அந்தச் சரிதையை எழுதும்போதும் நாடி நிற்கவில்லை. சாகப்போகிறோம் என்று நினைத்த பிறகுதான் தமக்கு வாழத் தொடங்கியது போலிருந்தது என்று அவர் சொல்கிறார். எனக்கு அப்படியொன்றும் ஞானம் பிறக்கவில்லை. ஒரே ஒரு பழைய பாக்கிதான் ஞாபகத்துக்கு வந்தது. அதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

பல வருஷங்களுக்கு முன்பு, தோட்டத்திலிருந்து ஒரு கொழுந்துக்காரம்மாள் மாதந்தோறும் கடைக்கு வருவார். சம்பளத்துக்கு முன்னால் ஐம்பது, அறுபது வெள்ளிக்குச் சாமான் எடுப்பார். எழுத்தும் இல்லை, கையொப்பமும் இல்லை. "அடுத்த மாசம் தாரேன் பாய்" என்பார், தருவார். ஒரு நாள் அரிசி நிறுத்துக்கொண்டிருந்தபோது, "பாய், ராத்திரியானா ஒரு காதுல மட்டும் உலக்கை இடிக்கிற மாதிரி இருக்கு, இதுக்கு ஏதாச்சும் தைலம் இருக்கா?" என்று கேட்டார். நான் தராசைப் பார்த்துக்கொண்டே, "பனியிலே நிக்கிறதுக்கு அப்படித்தாம்மா இருக்கும். பொறுத்துக்கிட்டா போயிடும்" என்றேன். கடைப் பையன் சிரித்தான். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அவர் தைலமும் வாங்கவில்லை. பிறகு அந்தப் பேச்சையும் எடுக்கவில்லை.

அறுபது வெள்ளிக்கு அவருடைய வாய்ச்சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. காதுக்குப் போதவில்லை. ஏன்? பணத்தில் நஷ்டம் எனக்கு, அதிலே நம்பினேன். காதில் எனக்கு நஷ்டம் ஏதும் கிடையாது; அதிலே நம்ப மறுத்தேன். இதை எந்தப் பக்கம் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் கணக்கு நேராகவில்லை.

பொய்க்காரர்கள் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறார்கள். தலைவலி என்று லீவு கேட்டுவிட்டு ஈப்போவில் படம் பார்த்த பையனை நானும் கண்டிருக்கிறேன். அவனை நம்பியதில் எனக்கு ஒரு நாள் கூலி போயிற்று. ஆனால் உண்மை சொன்னவரை நம்பாமற் போனால் போவது யாருடைய முதல்? பற்றுக் கொடுக்கும்போது பத்தில் ஒன்று வராது என்று தெரிந்தே கொடுக்கிறோம். அந்த ஒன்றுக்காக ஒன்பது பேருக்குக் கடையைச் சாத்துவதில்லை.

பொறுமை என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம்மவர்கள் இதை வெகு தாராளமாக வழங்குகிறோம். ஸபர் பெரிய குணம், யார் மறுப்பார்? ஆனால் அது நோயாளி தன் கையால் தன் ஏட்டில் எழுதிக்கொள்ள வேண்டிய வரவு. பக்கத்தில் நிற்பவன் எழுதினால் அது கள்ளக் கணக்கு. அந்த அம்மாளிடம் நான் "பொறுத்துக்கொள்" என்றது, "இனிமேல் என்னிடம் சொல்லாதே" என்பதன் மரியாதையான வடிவம் என்று இப்போது தெரிகிறது. ஆஸ்பத்திரிக்குப் போ என்றாவது சொல்லியிருக்கலாம். தானா ராத்தா ஆஸ்பத்திரி எங்கள் கடையிலிருந்து நடந்து போகிற தூரம்தான்.

என் காது இடிக்கத் தொடங்கி ஆறேழு மாதம் கழித்து, அவருடைய மகன் கடைக்கு வந்தார். குடும்பம் தோட்டத்தை விட்டு எப்போதோ இறங்கிவிட்டது. பிள்ளைகளுக்கு மலை காட்ட வந்திருந்தார். சாமான்களைக் கட்டிக்கொண்டே, "அம்மாவுக்குக் காது எப்படித் தம்பி? இன்னும் இடிக்குதா?" என்று கேட்டேன்.

அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "அம்மா போயி நாலு வருஷமாச்சு பாய். அவங்களுக்குக் காதுல என்ன? அப்படி ஒண்ணும் எங்ககிட்ட சொன்னதே இல்லையே" என்றார்.

பிறகு மீதிச் சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு, பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டு காருக்குப் போனார்.