காப்பாற்றிய கை குற்றமுடையதா?

நல்லெண்ணத்தோடு ஒருவன் செய்த செயலிலிருந்து பெருந்தீமை விளையுமானால், அத்தீமைக்கு அவன் பொறுப்பாளி ஆவானா? அறநூல் வல்லார் பன்னெடுங் காலமாகக் கேட்டுவரும் வினா இது. கற்றோர் அவையில் எழ வேண்டிய இவ்வினாவை ஜப்பானியர் ஒருவர் வரைந்த படக்கதை எழுப்புகிறது. எழுப்பியதோடு நில்லாமல், பதினெட்டு நூல்களின் இறுதி ஏடு வரை கைவிடாது நடத்திச் செல்கிறது.

மாங்கா என்பது ஜப்பானியப் படக்கதை. அனிமே என்பது அந்நாட்டாரின் அசையும் சித்திரப் படம். இன்று நம் இல்லங்களிலும் இளைஞர்கள் இவற்றைத் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் விரும்பிக் காண்கின்றனர். பெற்றோருள் சிலர் இவற்றைப் பொம்மை விளையாட்டு என்று ஒதுக்குகின்றனர். வேறு சிலர் நஞ்சென்று அஞ்சுகின்றனர். உருவம் வரைதல் குறித்த மார்க்கத் தீர்ப்பை உலமாப் பெருமக்களிடம் விட்டுவிடுவோம். ஈண்டு நாம் ஆராயப் புகுவது கதையின் தரத்தை மட்டுமே. குவியல் குவியலாக வெளிவரும் இக்கதைகளுள் மிகப் பல, படித்த மறுநாளே மறந்துவிடத் தக்கவை. மிகச் சில மட்டும் நெஞ்சில் தங்கி உறுத்துகின்றன. அச்சிலவற்றைச் சிறப்புடையன ஆக்குவது எது?

விடை காண, மேலே சுட்டிய கதையையே சான்றாகக் கொள்வோம். அதன் பெயர் ‘மான்ஸ்டர்’, அதாவது அரக்கன். ஆசிரியர் நவோக்கி உராசாவா. 1994 முதல் 2001 வரை ‘பிக் காமிக் ஒரிஜினல்’ என்னும் இதழில் தொடராக வந்தது. பின்னர் 74 பகுதிகள் கொண்ட அனிமேயாகவும் 2004, 2005 ஆண்டுகளில் ஒளிபரப்பாயிற்று. கொலைகள் மலிந்த கதை, முதிர்ந்தோர்க்கென எழுதப்பட்டது, சிறுவர்க்கு உரியதன்று.

கதை நிகழும் இடம் ஜெர்மனி. தொடங்கும் ஆண்டு 1986. டுசல்டார்ஃப் நகரத்து மருத்துவமனை ஒன்றில் மூளை அறுவையில் கைதேர்ந்த ஜப்பானிய மருத்துவர் கென்சோ டென்மா. தலைமை மருத்துவரின் மகளை மணம் பேசி முடித்திருக்கிறார். உயர்வு நிச்சயம். ஒருநாள், துருக்கியத் தொழிலாளி ஒருவர் அடிபட்டுக் கொண்டுவரப்படுகிறார். அவருக்கு அறுவை செய்ய வேண்டிய டென்மாவை, பின்னர் வந்த புகழ்பெற்ற பாடகர் ஒருவரிடம் அனுப்புகிறது நிர்வாகம். பாடகர் பிழைக்கிறார்; தொழிலாளி இறக்கிறார். பிழைப்புக்காகப் புலம்பெயர்ந்து வந்த அந்த எளிய மனிதரின் மனைவி மருத்துவரை மறித்துக் கதறுகிறாள். முதலில் வந்தவர் தன் கணவர் அல்லவா என்பதே அவள் கேள்வி. அதற்கு மருத்துவரிடம் மறுமொழி இல்லை.

சின்னாட்களில் அதே சோதனை மீண்டும் வருகிறது. தலையில் குண்டு பாய்ந்த சிறுவன் ஒருவனுக்கு அறுவை செய்ய ஆயத்தமாகும் வேளையில், நகரத்தலைவரைக் கவனிக்குமாறு மேலிடத்து ஆணை. இம்முறை டென்மா பணியவில்லை. முன்னர் வந்த சிறுவனையே காப்பாற்றுகிறார். நகரத்தலைவர் இறந்துபோகிறார். டென்மாவின் பதவி பறிபோகிறது. மணப்பெண்ணும் விலகிச் செல்கிறாள். இதுகாறும் இது அறவழி நின்ற ஒருவரின் தியாகக் கதை. சாதாரண ஆசிரியர் எவரும் இவ்விடத்தில் நாயகனுக்கு மாலையிட்டுக் கதையை முடித்திருப்பார்.

உராசாவா முடிக்கவில்லை. ஒன்பது ஆண்டுகள் கழித்து, தாம் காத்த யோகான் என்னும் அச்சிறுவனே ஈவிரக்கமற்ற கொலைகாரனாக வளர்ந்து நிற்பதை மருத்துவர் தம் கண்ணெதிரே காண்கிறார். தம் கையால் மீட்ட உயிர் பல உயிர்களைக் குடித்திருக்கிறது! இனித் தாமே அவனைக் கொன்று கணக்கைத் தீர்ப்பதென்று துப்பாக்கி ஏந்திப் புறப்படுகிறார். கொலைப்பழி தம்மீதே விழுந்து காவலர் தேடும் நிலையிலும் அவர் பயணம் தொடர்கிறது.

இப்போது வினாவுக்கு வருவோம். அன்று சிறுவனைக் காப்பாற்றியது பிழையா?

முஸ்லிம் வாசகர்க்கு இவ்விடத்தில் திருமறையின் கஹ்ஃபு அத்தியாயம் நினைவுக்கு வராமல் இராது. மூஸா (அலை) அவர்கள் கிள்ரு (அலை) அவர்களுடன் வழிநடந்தபோது, கிள்ரு ஒரு சிறுவனைக் கொன்றுவிடுகின்றார். மூஸா நபி பதறிப்போய்க் கண்டிக்கின்றார். பின்னரே விளக்கம் வருகிறது: அச்சிறுவன் வளர்ந்தால் ஈமான் கொண்ட தன் பெற்றோரை வரம்பு மீறலிலும் நிராகரிப்பிலும் ஆழ்த்தித் துன்புறுத்துவான் என்பது இறைவன் அறிவித்த மறைபொருள். ஜப்பானியக் கதையின் சிக்கலும் ஏறத்தாழ இதுவேயன்றோ? பின்னால் தீயவனாகப் போகும் சிறுவன் ஒருவன் உங்கள் முன் கிடக்கிறான். உங்கள் கை என்ன செய்ய வேண்டும்?

இதற்கு நம் முன்னோர் தெளிவாகவே விடையிறுத்துள்ளனர். போரில் சிறுவர்களைக் கொல்லலாமா என்று கேட்டு நஜ்தா என்னும் காரிஜியத் தலைவன் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களுக்கு மடல் எழுதினான். பெருமானார் (ஸல்) அவர்கள் சிறுவர்களைக் கொன்றதில்லை. ஆகவே நீயும் கொல்லாதே. கிள்ரு அறிந்திருந்ததை நீயும் அறிந்திருந்தாலன்றி, என்னும் கருத்துப்பட அவர்கள் மறுமொழி வரைந்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி காணப்படுகிறது. அந்த ‘அறிந்திருந்தாலன்றி’ என்பது திறந்த கதவு போலத் தோன்றினும், உண்மையில் அடைத்துப் பூட்டிய கதவு. வரப்போவதை அறியும் ஞானம் மனிதனுக்குக் கொடுக்கப்படவில்லை. கிள்ருவின் செயல் கிள்ருவோடு நின்றது. நமக்கு விதிக்கப்பட்டதோ மூஸா நபி நின்ற நிலை. கண்முன் உள்ள உயிரைக் கண்டு பதறுவதே நம் கடமை.

ஆக, அன்றிரவு மருத்துவரின் முன் கிடந்தவன் கொலைகாரன் அல்லன், குண்டடிபட்ட குழந்தை. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் நபிமொழியின்படி அவரது நிய்யத்தை நோக்கினாலும் சரி, ஓர் உயிரை வாழவைப்பது மனித இனம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பு என்னும் திருமறைக் கருத்தை நோக்கினாலும் சரி, அந்தக் கை குற்றமற்றது.

ஆயினும் கதையாசிரியர் அவரை முற்றிலும் விடுவித்துவிடவில்லை. இது கூர்ந்து நோக்கத்தக்கது. பதவி இழந்த வேதனையில், நினைவற்றுக் கிடந்த சிறுவனின் படுக்கையருகே அமர்ந்து, தலைமை மருத்துவரைப் போன்றவர்கள் செத்தொழிவதே மேல் என்று டென்மா மனம்போனபடி பேசிவிடுகிறார். சிறுவன் அதனைக் கேட்டுவிடுகிறான். சின்னாளில் அத்தலைமை மருத்துவரும் வேறு இரு மருத்துவர்களும் நஞ்சுண்டு மாண்டு கிடக்கின்றனர். உங்கள் விருப்பத்தைத்தானே நிறைவேற்றினேன் என்று பிற்காலத்தில் யோகான் சொல்லும்போது மருத்துவர் நிலைகுலைகிறார். அறுவைக் கத்தி பிடித்த கையில் குற்றமில்லை. இருந்தால் அது நாவில் இருந்தது. கையின் நன்மையைப் போற்றும் கதை, நாவின் சறுக்கலையும் மறைக்காமல் கணக்கில் எழுதுகிறது. நாவைக் காக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எத்தனை முறை எச்சரித்தார்கள் என்பதை அறிந்த நமக்கு இந்நுட்பம் புதிதன்று.

இனி, ஆசிரியர் அரக்கனையும் ஆராயாமல் விடவில்லை. யோகானும் அவன் சகோதரியும் இரட்டையர். அவர்களுள் ஒருவரைக் கொடுத்துவிடுமாறு அதிகாரம் படைத்தோர் தாயை நெருக்கிய கொடுமை அவர்கள் குழந்தைப் பருவத்தில் நிகழ்ந்திருக்கிறது. அன்று தாய் விட்டுவிட எண்ணியது என்னையா, அவளையா. எங்களுள் வேண்டாத பிள்ளை யார்? யோகானின் உள்ளத்தில் ஆறாத புண் இதுவே. இங்கு வந்து சேரும்போதுதான் கதையின் கட்டுக்கோப்பு விளங்குகிறது. துருக்கியத் தொழிலாளியை விடப் பாடகர் வேண்டியவர் என்று முடிவுசெய்த மருத்துவமனையும், இரு குழந்தைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடு என்று தாயை நெருக்கிய கயவர்களும் செய்த பாவம் ஒன்றே. வேண்டிய உயிர், வேண்டாத உயிர் என்று பிரித்தல் அப்பாவத்தின் பெயர். அரக்கன் பிறந்தது சிறுவனைக் காத்த அறுவை மேசையில் அன்று. உயிர்களைத் தரம் பிரித்த அந்தத் தராசில். எனினும், இக்காரணத்தைக் காட்டி யோகானின் கொலைகளை ஆசிரியர் நியாயப்படுத்தவில்லை. காரணம் வேறு, மன்னிப்பு வேறு என்பதில் அவர் உறுதியாக நிற்கிறார்.

முடிவு எப்படி? இறுதியில் இருவரும் நேருக்கு நேர் நிற்கையில் டென்மாவால் சுட முடியவில்லை. வேறொருவர், குடிவெறியில் இருந்த ஒரு தந்தை, யோகானைச் சுட்டுவிடுகிறார். நாயகனின் கை கறைபடாமல் காக்க ஆசிரியர் செய்த தந்திரம் என்று ஒரு வாசகர் இதனைக் குறைகூறலாம். அடுத்து நிகழ்வதோடு சேர்த்துப் பார்த்தால் அக்குறை நிற்பதில்லை. மீண்டும் தலையில் குண்டு. மீண்டும் அதே மருத்துவர். முன்பு அவர் அறியாமல் காத்தார். இன்று அவன் யாரென்று முற்றும் அறிவார். சும்மா இருந்தாலே போதும், அவன் இறந்துவிடுவான். கதை முழுவதும் கேட்ட வினா இப்போது ஒளிய இடமின்றி அவர் முன் வந்து நிற்கிறது. டென்மா அறுவை செய்து அவனைக் காப்பாற்றுகிறார்.

அப்படியாயின் மாண்டவர்களுக்கு நீதி எங்கே? நியாயமான கேள்வி. மருத்துவரின் கடமையும் காழியின் கடமையும் வேறு வேறு என்பதே அதற்கு விடை. உயிரைக் காப்பது, தண்டனையிலிருந்து விடுவிப்பது ஆகாது. சாட்சியம் கேட்டுத் தீர்ப்பளிக்க நீதிமன்றம் உண்டு. அதனினும் மேலான தீர்ப்புநாளும் உண்டு. துப்பாக்கி ஏந்தித் திரிந்த நாளெல்லாம் டென்மா தமக்கு உரியதல்லாத இருக்கையில் அமர முயன்றார். மீண்டும் அறுவைக் கத்தியை எடுத்தபோதுதான் தம் இருக்கைக்குத் திரும்பினார். கடைசிப் படத்தில் யோகான் கிடந்த கட்டில் வெறுமையாகக் காட்சி தருகிறது. சென்றானா, திருந்தினானா, மீண்டும் கொல்வானா என்பது சொல்லப்படவில்லை. விளைவை அறியாமலேயே நல்லது செய்ய வேண்டிய மனித நிலையில் நம்மையும் நிறுத்திவிட்டுக் கதை முடிகிறது.

நாம் தேடிய விடையும் இங்கேதான் உள்ளது. கதையாசிரியனும் ஒருவகையில் நிறுத்துக் கொடுக்கும் வணிகன். தனக்குப் பிடித்த பக்கம் தாழுமாறு தராசின் தட்டில் விரல் வைப்பவன் மோசக்காரன். நல்லவனுக்கு உடனே பரிசளித்து, தீயவனை முகத்திலேயே அவலட்சணமாக வரைந்து, இடர் வரும்போதெல்லாம் தற்செயலை அனுப்பி நாயகனைத் தப்பவிடும் கதைகள் யாவும் விரல் வைத்து நிறுத்தவை. அளவில் குறைப்போரைத் திருமறை எத்துணைக் கடுமையாக எச்சரிக்கிறது என்பதைக் கடைவீதியில் வாழும் நம் சமுதாயத்துக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. சிறந்த கதை நேர்மையான நிறுவை உடையது.

ஜப்பானின் வேறு சிறந்த படைப்புகளையும் இத்தராசில் இட்டுப் பார்க்கலாம். இசாவோ தகஹாத்தா இயக்கி 1988-இல் வெளிவந்த ‘மின்மினிகளின் கல்லறை’ என்னும் படம், விமானக் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பட்டினியால் மடிவதைக் காட்டுகிறது. போரின் கொடுமையைச் சொல்லும் அதே படம், உறவினர் வீட்டுக் கடுஞ்சொல் பொறாது வெளியேறிய அண்ணனின் தன்மானமும் தங்கையின் சாவுக்கு ஒரு காரணமாயிற்று என்பதை ஒளிக்கவில்லை. மூலக்கதையை 1967-இல் எழுதிய அகியுக்கி நொசாக்கா, போர்க்காலத்தில் தம் சிறு தங்கையைப் பட்டினிக்குப் பறிகொடுத்தவர். ஆறு வயதில் ஹிரோஷிமாவின் அணுகுண்டிலிருந்து உயிர்தப்பிய கெய்ஜி நக்கசாவா, 1973-இல் ‘வெறுங்கால் கென்’ என்னும் படக்கதையைத் தொடங்கினார். தந்தையையும் உடன்பிறந்தாரையும் அக்குண்டுக்குப் பலிகொடுத்த அவர், குண்டு வீசியவர்களை மட்டும் சாடி நிறுத்தியிருக்கலாம், எவரும் குறைகூறியிரார். ஆனால் தம் நாட்டு இராணுவ வெறியையும், கொரிய மக்களைத் தம்மவர் இழிவுபடுத்தியதையும் அதே ஏட்டில் வரைந்தார். அதன் விலையையும் அக்கதை கொடுத்தது: 2012-இல் மட்சுவே நகரப் பள்ளி நூலகங்களில் மாணவர் எளிதில் எடுக்க இயலாதவாறு அது ஒதுக்கப்பட்டது, எதிர்ப்பு எழுந்தபின் 2013-இல் அத்தடை விலக்கப்பட்டது.

தனக்கும் தன்னவர்க்கும் பாதகமாயினும் நீதியில் நிலைத்துச் சாட்சி பகருமாறு ஈமான் கொண்டோரைத் திருமறை பணிக்கிறது. அந்நெறியை அறியாத தொலைதூர நாட்டுக் கலைஞர் சிலர், தம் துயரத்தின் வழியே அதன் வாயிலை வந்தடைந்திருக்கின்றனர் என்பதைக் கண்டு மகிழ்வதில் நமக்குக் குறைவு ஒன்றுமில்லை.

பெற்றோர்க்கு ஒரு சொல். பிள்ளைகள் விரும்பும் கதையை முழுவதும் தடுப்பதோ முழுவதும் விட்டுவிடுவதோ எளிது. அருகமர்ந்து, இதில் நல்லவன் என்ன இழந்தான், தீயவன் ஏன் அப்படி ஆனான், தப்பித்தது அறத்தாலா தற்செயலாலா என்று கேட்பது கடினம். கேட்டுப் பழகிய பிள்ளை, நிறுவையில் விரல் வைத்த கதையைத் தானே கண்டுகொள்ளும். கதையில் கண்டுகொள்ளும் கண், நாளை கடையிலும் அலுவலகத்திலும் தன் தட்டில் தன் விரலே படும்போதும் அதனைக் கண்டுகொள்ளும்.