எந்தக் கரை?

எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் போன மாதம் ஒரு பழைய படத் தபால் அட்டையை என்னிடம் கொடுத்தார். ஒரு கால்வாய், பாய் சுருட்டிய ஒரு தோணி, கரையில் நாலைந்து தென்னைகள். கீழே ‘கால்வாய், மதராஸ்’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. பின்புறத்தில் விலாசம் வேறு, கடிதம் வேறு என்று பிரிக்கும் கோடு. அது பிரிட்டனில் 1902-இல் வந்த வழக்கம். அட்டைக்கு அதைவிட அதிக வயது இராது.

“இது நம்ம மயிலாப்பூர்தான், தம்பி. சின்ன வயசிலே சவுக்குக் கட்டை இங்கேதான் வந்து இறங்கும். பின்னாலே ‘மயிலாப்பூர்’னு எழுதிக் கொடுங்க. பேரப்பிள்ளைங்க பார்க்கட்டும்” என்றார்.

அவர் ஆசை எனக்குப் புரிந்தது. அந்தக் கால்வாயில் இன்று பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. தோணி வந்த கரையைப் பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட அவருக்கு வேறு வழியில்லை.

ஒரு சொல் எழுத என்ன யோசனை என்றுதான் எனக்கும் தோன்றியது, பூதக்கண்ணாடியை எடுக்கும் வரையில். தோணிக்குப் பின்னால் மணல் என்று அவர் நினைத்தவை, பாத்தி பாத்தியாகப் பிரித்த தரையில் வரிசையாக நின்ற வெள்ளைக் குவியல்கள். உப்பளம்! மயிலாப்பூரில் உப்பளம் ஏது? வடக்கே எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கமாக இருக்கலாம். தெற்கே கோவளமாகவும் இருக்கலாம்.

சொன்னேன். முகம் வாடிவிட்டது. “எங்கேயோ ஓர் இடம். அதே கால்வாய்தானே? மயிலாப்பூர்னு போட்டா யாருக்கு நஷ்டம்?” என்றார்.

நியாயமான கேள்வி. ஒரு முதியவரின் சந்தோஷத்தைவிட உப்புக் குவியல் பெரிதா? இரண்டு நாள் அது என்னை விடவில்லை.

அதே கால்வாய்தானா? பெயர்தான் ஒன்று. சென்னையிலிருந்து எண்ணூர் வரை உள்ள பகுதி 1806-லேயே வெட்டப்பட்டது. காக்ரேன் கால்வாய் என்று வழங்கியது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து மயிலாப்பூர் வழியே போகும் பகுதியோ தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78-இல், பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு வெட்டியது. 1877-இன் தொடக்கத்தில் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்ச வேலைக்கு விதித்த கூலி, ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓர் அணாவும். பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. கால்வாய்க்கு நிலைத்த பெயர் கவர்னர் பக்கிங்காமுடையது. மண் சுமந்தவர் பெயரில் ஒரு படித்துறைகூட நான் பார்த்ததில்லை.

பெயர் இல்லாதவர்களுக்கு இடமாவது மிஞ்ச வேண்டாமா? இன்ன இடத்தில் அவர்கள் மண் சுமந்தார்கள் என்பது ஒன்றுதான் அவர்களைப் பற்றி நாம் கைநீட்டிக் காட்டக்கூடியது. வேறு கரையின் படத்துக்கு அந்தக் கரையின் பெயரை ஒட்டினால் அதுவும் குழம்பிப்போகும். உப்பளத்து வெயிலில் நின்றவர்களின் இடமும் பறிபோகும். இன்று தயவுக்காக எழுதும் சொல், நாளை பேரப்பிள்ளைகள் கையில் ஆதாரமாகிவிடும்.

பெரியவரின் நினைவு பொய்யல்ல. அதற்குச் சாட்சியாக வேறொருவர் கரையைக் கொண்டுவந்து நிறுத்துவதுதான் பொய்.

அட்டையின் பின்புறம் ‘மயிலாப்பூர் அல்ல, ஏதோ ஓர் உப்பளக் கரை’ என்று எழுதினேன். பிறகு அவரை உட்காரவைத்து, மயிலாப்பூரில் சவுக்குக் கட்டை இறங்கிய கதையை அவர் சொல்லச் சொல்லத் தனித்தாளில் எழுதி, இரண்டையும் ஒரே உறையில் போட்டுக் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டார். மனம் குளிர்ந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால், மறுநாளே வந்து, “ஒண்ணு விட்டுப்போச்சு தம்பி, எழுதிக்குங்க” என்று உட்கார்ந்தார்.