மண்ணுக்கு நாம் பட்ட கடன்

‘கடன்’ என்னும் சொல் தமிழில் இரு பொருள் தரும். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பொறுப்பும் கடனே. செய்தே தீரவேண்டிய கடமையும் கடனே. பெற்றோருக்குச் செய்யும் கடன், ஊருக்குச் செய்யும் கடன் என்று நம் முன்னோர் பேசினர். நிலத்தின் பேரில் வாங்கிய கடனைப் பற்றி இன்று ஊரெங்கும் பேசுகிறோம். நிலத்திடமே வாங்கிய கடனைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. ஒரு டன் நெல் விளைய ஏறத்தாழ 15 முதல் 20 கிலோ தழைச்சத்து தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதி நெல்மணியோடு சேர்ந்து வயலை விட்டு வெளியேறிவிடுகிறது. மணிச்சத்தும் சாம்பல் சத்தும் அவ்வாறே வெளியேறுகின்றன. இவற்றைத் திருப்பித் தருவது விவசாய உத்தி மட்டுந்தானா? அல்லது அது நீதியைச் சார்ந்த கடமையா? இக்கேள்வியை அமைதியாக எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

பயிர் எதை உண்டு வளர்கிறது என்னும் வினாவே நெடுங்காலம் விடையின்றி இருந்தது. 1450-ஆம் ஆண்டில் கர்தினால் கூசா நகர் நிக்கோலாஸ், தராசைக் கொண்டு செய்யத்தக்க சோதனைகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். மண்ணை நிறுத்து, அதில் செடிகளை வளர்த்து, மீண்டும் அம்மண்ணை நிறுத்தால் எடை மிகச் சிறிதே குறைந்திருக்கும் என்று அதில் குறிப்பிட்டார். பெல்ஜிய நாட்டு மருத்துவர் யான் பாப்டிஸ்ட் ஃபான் ஹெல்மோன்ட் இதனைச் செய்தே பார்த்தார். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள ஒரு வில்லோ மரக்கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றினார். மரம் 169 பவுண்டாக வளர்ந்தது. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ இரண்டு அவுன்சு மட்டுமே. அவர் மறைந்தபின் 1648-இல் வெளிவந்த நூலில் இச்செய்தி உள்ளது. மரம் முழுவதும் நீரிலிருந்தே உண்டானது என்று அவர் முடிவு கட்டினார்.

அம்முடிவு சரியன்று. மரத்தின் உடலில் பெரும்பகுதி காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்தும் நீரிலிருந்தும் உருவாகிறது என்பதைப் பிற்காலம் கண்டது. ஆனால் நம் சிந்தனைக்கு உரியது அவர் பொருட்படுத்தாமல் விட்ட அந்த இரண்டு அவுன்சுதான். மண் தந்த உப்புச் சத்துக்கள் அதில் அடங்கியிருந்தன. அவை இன்றி இலையும் இல்லை, வேரும் இல்லை. மண்ணிடமிருந்து நாம் பெறுவது எடையில் சிறிது; அது இல்லையேல் மற்றவை எல்லாம் வீண். சிறிது என்பதாலேயே அதனை மறந்துவிடுவதும் நமக்கு எளிதாகிறது.

1840-இல் ஜெர்மானிய வேதியியலார் யுஸ்டஸ் ஃபொன் லீபிக், மண் இழக்கும் கனிமச் சத்துக்களை மண்ணுக்கே திருப்பித் தரவேண்டும் என்பதை வலியுறுத்தி எழுதினார். எந்தச் சத்து மிகக் குறைவாக உள்ளதோ அதுவே விளைச்சலின் எல்லையை வகுக்கிறது என்னும் விதியும் அவர் பெயரால் பரவியது. அதனை அவருக்கு முன்பே கார்ல் ஸ்பிரெங்கல் உரைத்திருந்தார். இக்கருத்துகளை வயலில் வைத்துச் சோதிக்க முனைந்தவர் இங்கிலாந்தின் ஜான் பென்னட் லாஸ். 1842-இல் சூப்பர் பாஸ்பேட் உரத்துக்குக் காப்புரிமை பெற்று உரத்தொழில் நடத்தியவர் அவர். வேதியியலார் ஜோசப் ஹென்றி கில்பர்ட்டோடு சேர்ந்து, 1843-இல் தம் ராத்தம்ஸ்டெட் பண்ணையில் பிராட்பாக் என்னும் வயலைப் பாத்திகளாகப் பிரித்துக் கோதுமை விதைத்தார். ஒரு பாத்திக்கு எதுவும் இடவில்லை. ஒன்றுக்கு ஆண்டுதோறும் எக்டேருக்கு 35 டன் வீதம் தொழுவுரம். மற்றவற்றுக்குக் கனிம உரங்கள், வெவ்வேறு அளவிலும் சேர்க்கையிலும். அச்சோதனை இன்றும் தொடர்கிறது. இருவரும் 57 ஆண்டுகள் இணைந்து உழைத்தனர். உரம் விற்றவர் தம் சரக்குக்குப் போட்டியான தொழுவுரப் பாத்தியையும், எதுவுமே இடாத பாத்தியையும் அருகருகே விட்டுவைத்து, அவை கூறுவதை ஆண்டுதோறும் எழுதிவைத்தது அறிவின் நேர்மைக்கு நல்ல சான்றாகும்.

அந்த வயல் சொன்ன விடை ஒற்றை விடையன்று. பல்லாண்டுகள் கனிம உரம் முறையாக இட்ட பாத்திகளின் விளைச்சல், தொழுவுரப் பாத்தியின் விளைச்சலுக்கு ஏறத்தாழ ஈடாகவே நின்றது. மூட்டையைப் பார்த்தால் வேறுபாடு தெரியாது. மண்ணைப் பார்த்தால் தெரிந்தது: தொழுவுரப் பாத்தியில் அங்ககக் கரிமம், எதுவும் இடாத பாத்தியில் உள்ளதைப்போல் இரு மடங்குக்கும் மேல் உயர்ந்தது. எதுவும் இடாத பாத்தியும் சாகவில்லை. இன்றும் எக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் தருகிறது. மண் நெடுங்காலம் பொறுக்கும். அதன் பொறுமையைக் கொண்டு, நாம் அதற்கு எதுவும் தரவேண்டியதில்லை என்று முடிவு செய்வதுதான் தவறு.

அதே பண்ணையில் ஹூஸ்ஃபீல்டு என்னும் வயலில் 1852 முதல் பார்லி பயிரிடப்படுகிறது. அங்கே ஒரு பாத்திக்கு 1852 முதல் 1871 வரை இருபது ஆண்டுகள் மட்டும் தொழுவுரம் இடப்பட்டு, பின்பு நிறுத்தப்பட்டது. நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் அப்பாத்தியின் மண், ஒருபோதும் எரு காணாத மண்ணைவிட வளமாக இருந்தது. விளைச்சலும் கூடுதலாகக் கிடைத்தது. அந்த எருவை வண்டியில் ஏற்றி வந்து கொட்டியவர்களின் பேரப்பிள்ளைகளும் மறைந்த பின்னர், அவர்கள் கண்ணால் காணாத மனிதர்கள் அதன் பயனை அறுத்தனர்.

இதற்கு மறுதலையான பாடமும் உண்டு. 1856-இல் தொடங்கிய பார்க் கிராஸ் என்னும் புல்வெளிச் சோதனையில், எதுவும் இடாத பகுதிகளில் நாற்பது வரையிலான செடிவகைகள் சேர்ந்து வாழ்கின்றன. அம்மோனியம் சல்பேட் ஆண்டுதோறும் இடப்பட்டு மண் புளித்துப்போன பகுதிகளிலோ இரண்டு மூன்று வகைகளே எஞ்சின. நம் நாட்டில் இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில், 1970-களில் தொடங்கிய நெடுங்காலச் சோதனையில், மற்றச் சத்துக்கள் இன்றித் தழைச்சத்து மட்டும் பெற்ற பாத்திகளில் மக்காச்சோளமும் கோதுமையும் சில ஆண்டுகளில் முற்றிலும் விளையாமற்போயின. இயல்பிலேயே புளிப்பான அம்மண்ணில் யூரியா மட்டும் இட்டதன் விளைவு அது. முதலில் பயிர் பச்சைப்பசேலென்று எழும். கண்ணுக்கு நிறைவாய் இருக்கும். உள்ளே மற்றச் சத்துக்கள் வற்றிக்கொண்டிருக்கும். தாராளமாகக் கொடுப்பதும் நீதியாகக் கொடுப்பதும் ஒன்றல்ல.

இதனால் இரசாயன உரமே பாவம் என்று கூறுவோமானால் அதுவும் அநீதியாகும். காற்றின் நைட்ரஜனிலிருந்து அம்மோனியா செய்யும் முறையை ஃபிரிட்ஸ் ஹேபர் கண்டார்; 1913-இல் ஜெர்மனியின் ஒப்பாவ் நகரில் கார்ல் போஷ் அதனைப் பேரளவில் நடைமுறைப்படுத்தினார். இன்றைய உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உண்ணும் உணவு இவ்வழியில் வந்த தழைச்சத்தைச் சார்ந்தது என்று கணக்கிடப்படுகிறது. பசித்த வயிற்றுக்குச் சோறு தந்த ஒன்றை, பசி அறியாதவர் இகழ்ந்து பேசுதல் தகாது. இந்தியாவில் 1970 முதல் பல மாநிலங்களில் நடைபெற்றுவரும் நெடுங்கால உரச்சோதனைகளும், சமச்சீரான கனிம உரமும் தொழுவுரமும் சேரும்போதே விளைச்சலும் மண்வளமும் ஒருங்கே நிலைக்கின்றன என்றே பொதுவாகக் காட்டுகின்றன. கோயம்புத்தூரில் 1909-இல் தொடங்கப்பெற்ற நிலையான உரச்சோதனை வயல் நம் மண்ணிலேயே இத்தகைய வினாவை நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவந்துள்ளது. உழவைவிட எருவிடுதலை உயர்த்திப் பேசிய வள்ளுவரின் நாட்டில் இது பொருத்தமானதே.

இனி அறத்தின் கேள்விக்கு வருவோம். ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவர்க்கு அளிக்கும் நிலையான மனவுறுதியே நீதி என்பது புனித தாமஸ் அக்குவினாஸ் ஏற்று விளக்கிய இலக்கணம். நீதி எப்போதும் இன்னொருவரை நோக்கியது. அவ்வாறாயின் மண் ‘இன்னொருவர்’ ஆகுமா? மண்ணுக்கு அறிவில்லை, விருப்பமில்லை, அது நம்மேல் வழக்குத் தொடுக்க முடியாது. கண்டிப்பாகப் பேசினால், மண் நமக்குக் கடன் கொடுத்தவர் ஆகாது. நம் கடன் மண்ணின் வழியாக மனிதருக்குச் செல்கிறது: நமக்கு முன் அதனைப் பேணித் தந்தவர்களுக்கும், நமக்குப் பின் அதில் விதைக்கப் போகிறவர்களுக்கும். முன்னோருக்கு நாம் எதையும் திருப்பித் தர இயலாது. அவர்களிடம் வாங்கியதைப் பின்வருவோரிடம் செலுத்துவதே வழி.

பிறவாதவருக்கு எங்ஙனம் கடன்படுவது என்று சிலர் வினவலாம். இல்லாத ஒருவருக்கு உரிமை ஏது? ஓர் எடுத்துக்காட்டை எண்ணுவோம். ஊர்வழியில் உள்ள கிணற்றின் சுற்றுச்சுவரை ஒருவர் தம் வீட்டுக்குக் கல் வேண்டி இடித்துச் செல்கிறார். பத்து ஆண்டுகள் கழித்து ஐந்து வயதுக் குழந்தை அதில் விழுகிறது. சுவரை இடித்த நாளில் அக்குழந்தை பிறந்திருக்கவில்லை. ஆகவே அவர் யாருக்கும் தீங்கிழைக்கவில்லை என்று எந்த ஊரார் ஏற்பர்? யார் என்று தெரியாவிட்டாலும், யாரோ அவ்வழியே வருவார் என்பது தெரியும். அந்த அறிவே கடமையைப் பிறப்பிக்கப் போதுமானது. வயலைப் பொறுத்தும் இதுவே உண்மை. அங்கே யாரோ விதைக்க வருவார் என்பதை நாம் அறிவோம்.

ஆயினும் இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று உண்டு. அது நூலில் எழுவதன்று, வரப்பில் எழுவது. வாய்மொழியாக, ஆண்டுக்கு ஆண்டு குத்தகைக்கு நிலம் பெற்று உழுகிறவர் இருக்கிறார். அடுத்த ஆண்டு நிலம் அவரிடம் இருக்குமா என்பது அவருக்குத் தெரியாது. தொழுவுரத்தின் பயன் மெல்லத்தான் வரும். பெரும்பகுதி பின் ஆண்டுகளில்தான் கிட்டும். யூரியாவின் பயனோ சில நாள்களில் இலையில் தெரிகிறது. குத்தகை நெல்லை அளக்கவேண்டிய அவர், இன்னொருவர் அறுக்கப்போகும் வளத்துக்காகத் தம் பிள்ளைகளின் பங்கைச் செலவிடவேண்டும் என்று நாம் போதிக்கலாமா? அவ்வாறு போதித்தால் பின்வரும் தலைமுறைக்கு உரிய நீதியை, இன்றைய ஏழையின் தோளில் மட்டும் சுமத்துகிறவர் ஆவோம். அது நீதியின் பெயரால் செய்யும் அநீதி.

எனவே இக்கடனைப் பகிர்ந்து சுமக்கவேண்டும் என்பதே நம் முடிவு. நிலத்தின் உரிமை யாரிடம் நீடிக்கிறதோ, நீடிக்கும் வளத்தின் செலவிலும் அவருக்கே பெரும்பங்கு உண்டு. குத்தகை வாங்கும் தனியாரும், கோயில் நிலம், பங்கு நிலம், அறக்கட்டளை நிலம் என்று நிலத்தை வைத்திருக்கும் அமைப்புகளும், நாமும் இதில் அடங்குவோம். மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளுக்குக் குத்தகையை எழுத்தில் உறுதிசெய்து தருதல். எருவுக்கும் ஆட்டுக்கிடைக்கும் ஆகும் செலவில் பாதியேனும் குத்தகையில் கழித்தல். தக்கைப்பூண்டோ கொழுஞ்சியோ விதைத்து மடக்கி உழும் பருவத்துக்குக் குத்தகை கேளாதிருத்தல். மண் பரிசோதனைக்குத் தாமே ஏற்பாடு செய்தல். இவை தருமம் அல்ல, கடன் தீர்த்தல். உண்பவர்களாகிய நகரத்தாருக்கும் பங்குண்டு. விலை எவ்வளவு குறையக்கூடுமோ அவ்வளவு குறையவேண்டும் என்று நாம் பேரம் பேசும்போது, குறையும் தொகையின் ஒரு பகுதியை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்கிறோம்.

லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் ஏழாம் ஆண்டில் நிலத்துக்கு ஓய்வு தரச் சொல்கிறது. அதே அதிகாரம், நிலம் என்றென்றைக்குமாக விற்கப்படலாகாது என்றும், அதில் வாழ்வோர் தங்கிச் செல்பவர்களே என்றும் உரைக்கிறது. இவ்விரு கட்டளைகளும் ஒரே அதிகாரத்தில் அமைந்திருப்பது கருதத்தக்கது. தம்மை முழு உரிமையாளர் என்று எண்ணுகிறவர் மண்ணுக்கு ஓய்வு தரமாட்டார். பட்டா யார் பெயரில் இருந்தாலும், காலத்தின் முன் நாம் அனைவரும் குத்தகைதாரரே.

லாஸும் கில்பர்ட்டும் தம் வயல்களின் மண்ணையும் கோதுமையையும் வைக்கோலையும் பாதுகாத்து வைக்கத் தொடங்கினர். இன்று ராத்தம்ஸ்டெட்டில் அத்தகைய மாதிரிகள் மூன்று இலட்சத்துக்கும் மேல் உள்ளன. காற்று மாசையும் அணுகுண்டுச் சோதனைகளின் கதிரியக்கப் படிவையும் கோதுமை நோய்களின் வரலாற்றையும் பிற்காலத்தார் அவற்றிலிருந்து கண்டறிந்தனர். சேமித்தவர்களுக்கு இக்கேள்விகள் எவையும் தெரியாது. 1889-இல் லாஸ் ஓர் இலட்சம் பவுண்டை அறக்கட்டளையாக ஒதுக்கி, தமக்குப் பின்னும் சோதனை தொடர வழி செய்தார். பின்வருவோருக்கு என்ன தேவைப்படும் என்பதை முழுமையாக அறிந்தபின்தான் அவர்களுக்கு எதையேனும் விட்டுச் செல்லவேண்டும் என்பதில்லை. மண் நம் கைக்கு வந்தபோது இருந்த நிலையினும் தாழாமல் அதனை ஒப்படைப்பது போதும். அது நம்மால் அளக்கக்கூடியது, செய்யக்கூடியது. ஆகையால் அது நம் கடன்.