கல்விச்சாலைக் காவலரும் துப்பாக்கியும்

கல்வி பயிலும் இடத்தைக் காப்பவன் இடுப்பில் உயிர் பறிக்கும் கருவி இருக்கலாமா? இக்கேள்வி அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பல ஆண்டுகளாக எழுப்பப்பட்டு வருகிறது. அங்குள்ள பல்கலைக்கழகங்கள் பலவற்றுக்குத் தமக்கெனவே போலீஸ் படை உண்டு. நம் கல்லூரி வாயில்களில் கோலுடன் நிற்கும் காவற்காரரைப் போன்றவர் அல்லர் அவர். கைது செய்யும் அதிகாரம் பெற்றவர். 2011-12ஆம் கல்வியாண்டில் அந்நாட்டு அரசு எடுத்த கணக்கின்படி, 2,500 மாணவரேனும் பயிலும் நான்காண்டுக் கல்லூரிகளில் நூற்றுக்கு 75 கல்லூரிகள் துப்பாக்கி ஏந்திய காவலரை வைத்திருந்தன.

கொல்லாமையை முதற்சீலமாகக் கொண்டோர், ‘கூடாது’ என்று உடனே விடை கூறிவிடலாம். ஆயினும் எளிதில் வரும் விடையை நாம் ஐயுற்று நோக்குதல் வேண்டும்.

1966ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் தேதி, டெக்ஸஸ் பல்கலைக்கழகக் கோபுரத்தின்மேல் ஏறிய ஒருவன், கீழே சென்றோரை ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகச் சுட்டுக்கொண்டே இருந்தான். பல்கலைக்கழகக் காவற்காரரிடம் அவனை எதிர்க்கத் துப்பாக்கி இல்லை. நகரப் போலீசார் மேலே ஏறி அவனைச் சுட்டு வீழ்த்திய பின்னரே அக்கொடுமை ஓய்ந்தது. மறு ஆண்டே, பல்கலைக்கழகங்கள் தமக்கெனப் போலீஸ் படை அமைத்துக்கொள்ள அம்மாநிலம் சட்டம் இயற்றியது. அன்று மகனை இழந்த தாயிடம் சென்று, ‘காவலர் வெறுங்கையராய் இருத்தலே அறம்’ என்று கூற நமக்கு நா எழுமா? பிறர் உயிரைப் பணயமாக வைத்து நாம் காக்கும் அகிம்சை அகிம்சை ஆகாது. தன் கை அழுக்குறாமல் பார்த்துக்கொள்ளும் தன்னலமே அது.

இனி மறுபக்கத்தையும் காண்போம். ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் அரசுப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு, மாணவர் பலரின் எதிர்ப்பையும் மீறி, தன் காவலருக்குத் துப்பாக்கி அளிக்க 2014ஆம் ஆண்டில் முடிவு செய்தது. 2018 ஜூன் 29 அன்று பின்னிரவில், பல்கலைக்கழகத்தை அடுத்த மதுக்கடை ஒன்றின் வெளியே கைகலப்பு நேர்ந்தது. கடற்படையில் பணியாற்றியவரும் அஞ்சல்துறை ஊழியருமான ஒருவர் அதை விலக்க முயன்றார். அவரிடம் துப்பாக்கி ஒன்று இருக்கக் கண்ட பல்கலைக்கழகக் காவலர் இருவர் அவரைச் சுட்டனர், அவர் இறந்தார். அக்காவலர்மீது வழக்குத் தொடரப்படவில்லை. 2020ஆம் ஆண்டில், காவலர் இனித் துப்பாக்கியின்றியே சுற்றி வருவர் என்று பல்கலைக்கழகம் அறிவித்தது. மறு ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. ஆனால் சுற்றுப்புறத்தில் ஆயுதங்கள் மிகுந்துவிட்டன என்னும் காரணங் காட்டி, 2023இல் அதே காவலர் மீண்டும் துப்பாக்கியை எடுத்துக்கொண்டனர்.

இதனைக் கண்டு சிலர் நகைக்கலாம். நகைப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. மக்கள் தொகையினும் துப்பாக்கித் தொகை மிகுந்ததெனக் கணக்கிடப்பட்ட நாடு அது. அங்கே வெறுங்கையுடன் இரவில் சுற்றிவரும் காவலனும் ஒரு குடும்பத்தின் தலைவனே. அவன் அச்சம் பொய்யச்சம் அன்று. ஆனால், அஞ்சியவன் கையில் துப்பாக்கி இருக்கும்போது, அச்சத்துக்கும் செயலுக்கும் இடையே சிந்தனை நிற்க இடமிருப்பதில்லை. வெறுங்கையன் ஓரடி பின்வாங்குவான், பேசிப் பார்ப்பான், துணைக்கு ஆள் அழைப்பான். ஆயுதம் உடையவனுக்கோ அவ்வழிகள் எல்லாம் கண்ணுக்கு மறைந்து, ஒரு வழி மட்டுமே தெரிகிறது.

2017ஆம் ஆண்டு செப்டம்பரில் அட்லாண்டா நகரத்து ஜார்ஜியா தொழில்நுட்பக் கல்லூரியில் நிகழ்ந்தது இதனை விளக்கும். மனத்துயருற்ற மாணவர் ஒருவர் தாமே போலீசைத் தொலைபேசியில் அழைத்தார். அவர் கையில் இருந்தது சிறு கத்தி அடங்கிய மடக்குக் கருவி ஒன்றே. நிற்கச் சொல்லியும் நில்லாது நடந்த அவரைக் கல்லூரிக் காவலர் ஒருவர் சுட்டார், மாணவர் இறந்தார். அந்த இரவில் அவருக்கு வேண்டியிருந்தது துப்பாக்கி அன்று. பொறுமையாக அமர்ந்து கேட்கும் ஒரு செவி.

ஆதலின் நாம் பிரித்து அறிய வேண்டியவை இரண்டு. கல்லூரிக் காவலரின் அன்றாடப் பணி வேறு: களவு, குடிமயக்கம், சச்சரவு, மனம் உடைந்த பிள்ளைகள். கொலைவெறியன் ஒருவனைத் தடுக்கும் பணி வேறு. அது ஆயிரம் நாளில் ஒருநாளும் நேராதிருக்கலாம்; நேர்ந்தால் ஈடுசெய்ய இயலாதது. அந்த ஒரு நாளுக்கான கருவியை எல்லா நாளும் எல்லாச் சச்சரவுக்கும் நடுவே கொண்டுபோய் நிறுத்துவதே பிழை. பஞ்சாலையில் தீயணைக்கும் வாளி சுவரில் தொங்கும். அனைவரும் அதன் இடம் அறிவர். எவரும் அதைச் சுமந்துகொண்டு தறி ஓட்டுவதில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2015இல் ஏறக்குறைய இவ்வழியையே கைக்கொண்டது. காவலர் துப்பாக்கியின்றிச் சுற்றி வருவது. எவனேனும் சுடத் தொடங்கினால் மட்டும் எடுத்துக்கொள்ள நீள்துப்பாக்கிகளை வைத்திருப்பது.

இதனால் சில நிமிடங்கள் தாமதமாகும். அச்சில நிமிடங்களில் சில உயிர்கள் போகவுங் கூடும். இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் இடுப்பில் தொங்கும் துப்பாக்கியும் முழுக் காப்பு அன்று. 2007 ஏப்ரல் 16 அன்று வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 32 பேர் கொல்லப்பட்டபோது, அங்கே ஆயுதம் ஏந்திய காவற்படை இருந்தது. கொலைகாரன் கட்டடத்தின் கதவுகளைச் சங்கிலியால் பிணைத்துவிட்டுச் சுட்டான்.

முடிவு செய்யும் ஆட்சிக்குழுவினர் இரு தாயரைத் தம் முன் அமரச் செய்து முடிவு செய்வாராக: கொலைகாரனால் மகனை இழந்தவள் ஒருத்தி, காவலனால் மகனை இழந்தவள் மற்றொருத்தி. ஒருத்தியை மட்டும் நோக்கி முடிவு செய்தால், அவர் எம்முடிவுக்கு வரினும் அது அரைக்கண்ணால் கண்டதே. இருவர் கண்ணீரும் ஒன்றே என உணர்ந்தவர், துப்பாக்கியை அடியோடு ஒழிக்க இயலாவிடினும், அதை எடுக்கும் கைக்கு நாலடித் தொலைவிலேனும் வைப்பர். அந்த நாலடியில் ஓர் உயிர் பிழைக்கலாம்.